காய்ச்சலோடு பூசிய சந்தனம்

வளைகாப்புக்கு வா என்று யாராவது வந்து அழைத்தால் இன்றைக்கும் எனக்குக் கன்னம் எரிகிறது. வயசான காலத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்கிறார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். என் கஞ்சி ஆறவில்லை. நான் ஆறவிடவும் இல்லை, அடியில் விறகைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தேன்.

நான் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல்லுக்கு, ஐம்பதுகளின் நடுவில். பிறந்த வீட்டில் மல்லிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்து கொண்டே இருக்கும். புகுந்த வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு விடியும் முன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் குடத்துக்கு என் மாமியார் காவல். ஒரு செம்பு கூடுதலாக மொண்டால் “என்னாத்துக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கை கழுவுவது சாப்பிட்ட பிறகு செய்கிற காரியம். வெளியே போய்விட்டு வந்து கழுவினால், அதுவும் மருமகள் கழுவினால், அதற்குத் திமிர் என்று பெயர்.

என் வீட்டுக்காரர் புகையிலை மண்டியில் வேலை பார்த்தார். நல்லவர். அம்மா பேச்சையும் அக்கா பேச்சையும் தட்டாதவர். அந்த அக்காதான் என் நாத்தனார். நான் மதினி என்று கூப்பிடுவேன். மூத்தவர் என்பதால் இங்கே ‘அவர்’ என்று எழுத வேண்டும்தான். கை வரமாட்டேன் என்கிறது, அதனால் ‘அவள்’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

அவளைக் கட்டிக் கொடுத்திருந்ததும் அதே ஊரில்தான், எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளி. நல்லது கெட்டது எதையும் விடமாட்டாள். யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால் போதும், பாய் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து “எப்படித்தா இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஊர்ச் சட்டமே அதுதான். படுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்காதவர் மனுஷரே இல்லை. “நான் கெடையாக் கெடந்தேன், எட்டிப் பாத்தாளா?” என்ற ஒரு கேள்வியில் இரண்டு தலைமுறை பேசாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அதேபோல விசேஷ வீட்டுக்கு உடம்பு முடியாவிட்டாலும் வந்து நிற்க வேண்டும். “முடியாமக்கூட வந்துட்டுப் போனா பாரு” என்று நாலு பேர் சொன்னால் அதைவிடப் பெரிய பட்டம் எங்கள் பெண்களுக்கு வேறு கிடையாது.

ஐம்பத்தேழில் அந்த ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்து கொண்டிருந்தேன். பட்டணத்தில் கப்பலிலிருந்து இறங்கியது என்றார்கள். கப்பலில் வந்ததோ ரயிலில் வந்ததோ, எங்கள் தெருவுக்கு அது மனுஷர் மூக்கிலும் வாயிலும்தான் வந்தது. ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் தெருவே போய் விசாரித்தது. விசாரித்த தெரு மறுநாளுக்கு மறுநாள் படுத்தது. பிறகு அவர்களை விசாரிக்க அடுத்த தெரு கிளம்பியது. ஆஸ்பத்திரியில் மிக்சர் மருந்து வாங்கப் பாட்டிலோடு நின்ற கூட்டம் தெருமுனை வரைக்கும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் வாயைப் பொத்தி இருமவில்லை.

எனக்கு மாசா மாசம் பார்த்த லேடி டாக்டர் கண்டிப்பானவர். “இந்தக் காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதும்மா. கூட்டத்துக்குப் போகாத. இருமுறவங்க, தும்முறவங்க யாரையும் கிட்ட சேர்க்காத. காய்ச்சக்காரங்க தொட்ட கையக் கழுவாம முகத்துல வைக்காத” என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். ஏழாம் மாசத்து வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தது. வளையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, பூவுக்கும் சொல்லியாகிவிட்டது.

“டாக்டரம்மா நமக்குச் சாதி சனமா? நாளைக்கு ஊருல கேட்டா அவுகளா வந்து பதில் சொல்லுவாக?” என்றார் மாமியார்.

நான் அழுதேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரே ஒரு வரம் கேட்டேன். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அதற்கு மாமியார் காதில் கை வைத்துக்கொண்டார். விசேஷத்துக்கு வராதே என்று சொல்லி அனுப்புவது, அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரியை வாழ்த்த வருகிறவர்களிடம்! அப்படிக் கேட்ட நாக்கை வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லையாம்.

புகுந்த வீட்டில் நடக்கிற வளைகாப்பில் முதல் வளையல் நாத்தனாருக்கு. அவள் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு கைக்கும் வளையல் போட்ட பிறகுதான் மற்றவர்கள் வரிசையாக வருவார்கள். அன்றைக்கு மணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து எதிரில் குனிந்தபோதே கண் சிவந்திருப்பதைப் பார்த்தேன். சந்தனத்தை வழித்து என் இரண்டு கன்னத்திலும் உள்ளங்கையை வைத்தாள். சந்தனத்தையும் மீறிக் கை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தது மாதிரி இருந்தது.

“மதினி, உங்க கை சுடுது. காய்ச்சலா?” என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது.

“காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெயில்ல நடந்து வந்தேன். கை சூடா இருந்தா என்னத்தா, சந்தனம் குளிர்ச்சிதானே” என்று சொல்லி, என் முகத்துக்கு நேரே ஒரு தும்மல் தும்மினாள். பக்கத்திலிருந்தவர்கள் “நூறு ஆயுசு” என்றார்கள். யாருக்கு நூறு ஆயுசு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவளுக்குத்தான்.

என் வலது கையையும் இடது கையையும் அவள் பிடித்துப் பிடித்து வளையல் ஏற்றினாள். நெட்டி முறித்தாள். தாடையைத் தொட்டு முத்தமிட்டாள். எழுந்து ஓட எனக்கு ஏழு மாச வயிறும் இடம் கொடுக்கவில்லை, சுற்றியிருந்த கூட்டமும் இடம் கொடுக்கவில்லை. கொல்லைப்புறம் போய் முகம் கழுவி வருகிறேன் என்றேன். மங்கலச் சந்தனத்தைக் கழுவக் கூடாது என்று மாமியார் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாம் நாள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நிலக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸிலேயே எனக்கு உடம்பு வலிக்க ஆரம்பித்தது. மறுநாள் அனலாகக் கொதித்தேன். இருமி இருமி வயிறு இறுகி, காய்ச்சல் தணியும் முன்னே வலி கண்டது. பெண் பிள்ளை. தங்கவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுத மட்டும் ஆசை நிறைய இருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் காரணம் கேட்டார்கள். சாவு என்றால் காரணம் வேண்டுமே. நான் சொன்னேன், காய்ச்சலோடு வந்து பூசினார்கள் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் வேறு ஒரு காரணம் தெருவில் நடமாட ஆரம்பித்திருந்தது. நான் பப்பாளி தின்றேனாம். கொல்லையில் மறைந்து நின்று தின்றதை என் நாத்தனார் கண்ணால் பார்த்தாளாம். நான் தின்றது சிறுமலை வாழைப்பழம். வாய்க்கசப்புக்கு அது ஒன்றுதான் இறங்கியது. ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நாத்தனார் உடைத்தாலோ குடம் உடையவே இல்லை என்பார்கள். “எனக்கா காய்ச்ச? சாமி சத்தியமா இல்ல” என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். என் வீட்டுக்காரர் அதை நம்பினார்.

அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு அத்தனை பொறுமை கிடையாது, தெய்வம் வரும்வரை நானே நின்று கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். அவர்களை நான் வளர்த்த விதத்தைப் பார்த்துத் தெருவில் எனக்குத் தீட்டுக்காரி என்று பெயர். மாமியார் கண்ணை மூடியதும் முதல் வேலையாக வாசலில் ஒரு அண்டா வைத்து, பக்கத்தில் சோப்புக் கட்டியும் வைத்தேன். யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். காய்ச்சல்காரருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த துணி. ஜன்னலைத் திறந்து வைப்பேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டேன். இருமினால் முந்தானையால் வாயைப் பொத்து என்று விருந்தாளியிடமே சொல்வேன். அந்தத் தண்ணீருக்காகக் கூடுதலாக ஒரு நடை நடந்தேன். ஒவ்வொரு குடம் தூக்கும்போதும் அவளை நினைத்துக்கொண்டுதான் தூக்கினேன். பக்தியாகச் செய்ததில்லை எதையும்.

அவள் வந்தாலும் அதே அண்டாதான். “என்னத்தா, நாங்க என்ன பேதியோடயா வாரோம்?” என்பாள். “கழுவுங்க மதினி” என்பேன். அவள் கழுவும்வரை நின்று பார்ப்பேன்.

அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சொல்லாமலே கை கழுவும். “அத்த, நல்லா கழுவிட்டேன்” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டும். அந்தப் பெண்ணை வெறுக்க எவ்வளவோ முயற்சி செய்து பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மறுபடியும் ஊரெல்லாம் ஃப்ளூ. அந்தப் பெண் ஒட்டன்சத்திரத்தில் வாக்கப்பட்டு, ஏழு மாசத்தில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மாமியார் வீட்டு வழக்கப்படி வளைகாப்பு தாய் வீட்டில். அங்கே நடக்கிற வளைகாப்பில் முதல் வளையல் தாய்மாமன் பெண்சாதிக்கு. அதாவது எனக்கு. தாய்மாமன் வீட்டுத் தட்டு வராமல் ஒருத்தியும் அந்தப் பெண்ணின் கையைத் தொட முடியாது.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் அப்படியே என் கையில் வந்து விழுந்திருந்தது. அதே காய்ச்சல், அதே ஏழாம் மாசம், சந்தனக் கிண்ணத்துக்கு முன்னால் நான். போனால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். முடியாமக்கூட வந்தா பாரு என்று புகழ்வார்கள். கொஞ்ச நேரம் அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கை கழுவி விரித்துக் காட்டிய பிள்ளை அது. நான் பழி வாங்க வேண்டியது தாயை. பழியும் விலாசம் பார்த்துத்தான் போக வேண்டும். எனக்குக் காய்ச்சல், நாள் தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் தட்டை மட்டும் அனுப்புகிறேன் என்று மறுநாள் காலையில் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் குதிரை வண்டி வந்து வாசலில் நின்றது. அவளும் மகளும். மகளை வைத்து அழைத்தால் மறுக்கமாட்டேன் என்று கணக்கு. வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவள் இரண்டு தரம் இருமினாள். என் வீட்டுக்காரர் கதவைத் திறக்கப் போனார். திறந்தால் நடப்பது வேறு என்றேன். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே நான் உட்கார்ந்தேன், வெளியே அவர்கள் நின்றார்கள். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு பேசினேன். அந்த நேரத்தில் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது.

“ஏத்தா, என்ன இது கூத்து? தாய்மாமன் வீடு வரலைன்னா ஒட்டன்சத்திரத்து ஆளுக என்ன பேசும்? காய்ச்சன்னா காய்ச்சலோட வா. செத்த நேரம் வந்து ரெண்டு வளையல் போட்டுட்டுப் போ.”

“புள்ளத்தாய்ச்சிக்கு ஒட்டிக்கிரும் மதினி.”

“ஒட்டுதாம்ல ஒட்டு! மனசு இருந்தா வருவ. உன் வளகாப்புக்கு நான் வரலையா? அன்னைக்கு எனக்கு உடம்பு அனலாக் கொதிச்சுச்சு. நிக்க முடியல. உனக்காக மாத்திரையப் போட்டுக்கிட்டு வந்து மொத வளையல் போட்டேனா இல்லையா?”

எனக்கு மூச்சு நின்றது. காய்ச்சலாலா சந்தோஷத்தாலா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் சாமிமேல் சத்தியம் செய்து மறைத்ததை, பெருமை பேசப் போய்த் தெருவில் கொட்டிவிட்டாள். அவளுக்கு அது குற்றம் என்றே தோன்றவில்லை. அவள் கணக்கில் அது எனக்குச் செய்த உபகாரம்.

“சரியாக் கேக்கல மதினி. திரும்பச் சொல்லுங்க” என்றேன்.

சொன்னாள். இந்தத் தரம் எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கையை ஆட்டிச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். தாய் அவள் தோளில் கை போட்டிருந்தாள். “அப்ப அத்த பப்பாளி தின்னாங்கன்னு சொன்னியேம்மா?” என்று கேட்டாள். தாய் வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள். “அத்த, அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். நான் சொன்னேன். சூட்டையும், தும்மலையும், பஸ்ஸையும், வலி வந்த நேரத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். மெதுவாகவும் பேசவில்லை. கேட்கக் கேட்க அந்தப் பெண் தோளிலிருந்த தாயின் கையை விலக்கிவிட்டு ஓர் அடி தள்ளி நின்றாள். பிறகு இன்னும் ஓர் அடி. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

“நாளைக்கு நான் என்ன செய்யணும் அத்த?”

“கூட்டம் சேக்காத. காய்ச்ச, இருமல் உள்ள ஒருத்தரும் நடைய மிதிக்கக் கூடாது. சந்தனத்த நீயே எடுத்துப் பூசிக்க. வளையல நீயே மாட்டிக்க. என் தட்டு வாசல் வரைக்கும் வரும்.” அவள் தாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “உங்கம்மாவும் இருமுறாக.”

அது ஃப்ளூ இருமலா, குதிரை வண்டிப் புழுதி தொண்டையில் ஏறிய இருமலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. “ஏத்தா, என் மகளுக்கு என்னையவே வராதங்கிறியா?” என்று அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். “அந்தக் கம்பிய இப்பத்தான் நான் பிடிச்சிருந்தேன், கையக் கழுவிக்கங்க” என்றேன். சட்டென்று விட்டுவிட்டாள். தன் கையை ஒரு நோயாக அவள் பார்த்ததை அன்றுதான் நான் கண்டேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் பெற்ற மகளின் வளைகாப்பை அவள் கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உள்ளே விடாதது மகள், நான் இல்லை. பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதைக் காய்ச்சலோடு படுத்தபடியே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மருந்துக்கு இறங்காத காய்ச்சல் அதற்கு இறங்கியது என்றுதான் சொல்வேன்.

மாசம் நிறைந்து, நல்லபடியாக ஆண் பிள்ளை பிறந்தது. நான் உடம்பு நன்றாகத் தேறிய பிறகு போனேன். வாசலில் கை கழுவினேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் என் நாத்தனார் வந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, “குடு ஆத்தா, நான் வச்சுக்கிறேன்” என்று கை நீட்டினாள்.

“உங்களுக்கு இருமல் இருக்கே மதினி” என்றேன்.

இருமல் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கட்டிலில் படுத்திருந்த மகளுக்கும் தெரியும். மகள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். என் நாத்தனார் கையை மடக்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். “இன்னுமா ஒனக்கு ஆறல?” என்று கேட்டாள்.

“நிலக்கோட்டையில என் புள்ள பொறந்தப்ப, எனக்குக் காய்ச்சன்னு அதை என் கையில குடுக்கல மதினி. ஒட்டிக்கிரும்னாக. சேதி கேட்டு அங்க வந்த நீங்கதான் கதவுகிட்ட நின்னு சொன்னீக. அன்னைக்கு மட்டும் காய்ச்ச ஒட்டும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு” என்றேன்.

அவள் அழுதாள். நான் அவள் பேரனைப் பொழுது சாயும்வரை கீழே வைக்கவில்லை.